எது முந்தியோ

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்
குடைபியா சந்தில் ஒரு கோல்டு ஸ்டோரின்
பிரிண்டரிலிருந்து சுடச்சுட வந்து விழுகிறது.
பக்கத்துக்கு ஐம்பது ஃபில்ஸ்.
"பதினாலு பக்கம்" என்கிறார் ஹம்சாக்கா,
தயிர் டப்பாக்களை அடுக்குவதை நிறுத்தாமல்.

பைக்கின் பின்பெட்டிதான் எனக்கு மேசை.
உள்ளே யாருடைய மந்தியோ ஆறிக்கொண்டிருக்கிறது.

இணைக் கடனாளியின் பெயர். எழுதினேன்.
மாணவிக்கு என்ன உறவு. அண்ணன்.
கல்வித் தகுதி. பி.இ., மெக்கானிக்கல்.
தொழில்.

பேனா அங்கேயே நிற்கிறது.

அப்பாவின் கையெழுத்து இனிச் செல்லாது.
கூட்டுறவு வங்கியில் அவர் பெயர்
என்றைக்கோ சிவப்பு மைக்குப் போய்விட்டது.
"அண்ணே, மார்த்தாண்டம் மேனேஜர்
ஒன் நம்பரத் தட்டிப் பாத்தாரு" என்றாள் ஜெனோவா,
"எழுநூத்தி எண்பத்தொண்ணாம்.
ஒரு மாசம் கூடத் தவறல,
இந்த ஆளு போட்டா ஒடனே தாறேன்னாரு."
எட்டு செமஸ்டரில்
ஒருவரும் எனக்குப் போடாத மார்க்.

கடன் வாங்குவது ஒருநாள் வேலை, ஜெனோவா.
அதைக் கையில் வைத்திருப்பதுதான் நாலு வருஷம்.
ஒவ்வொரு செமஸ்டருக்கும்
மார்க் ஷீட், போனஃபைடு, கட்டிய ரசீது,
கட்டப்போகும் தொகைக்கு ஒரு கடிதம்,
அதில் முதல்வரின் பச்சை மை.
வெப்பப் பரிமாற்றத்தில் எனக்கு அரியர் விழுந்தபோது
மூன்றாம் வருஷப் பணம் வங்கியிலேயே உட்கார்ந்துகொண்டது.
ஹால் டிக்கெட்டைக் கல்லூரி பிடித்து வைத்தது.
போனை விற்றுப் போய் எழுதினேன்.
முப்பத்தொன்பது டிகிரி, ஆகஸ்ட், இரவு எட்டு மணி:
அந்தப் பேப்பரை
இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருப்பிக் கட்டுவது எப்போது என்று
ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, படி:
படிப்பு முடிந்து ஓராண்டு
அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம்,
எது முந்தியோ.
எனக்கு ஓராண்டு முந்தியது.
வேலை பத்தொன்பதாவது மாதம் வந்தது,
தலையில் ஹெல்மெட்டோடு.

மாதம் முப்பத்து மூன்று தினார்.
கதவுக்கு அரை தினார் என்றால் அறுபத்தாறு கதவு.
எண்ணிக்கொண்டே தட்டுவேன்.
அறுபத்தாறுக்குப் பிறகு திறக்கும் கதவுகள்தான்
சோறு, வாடகை, பைக்குக்கு ஆயில்.
சித்ரா பாலத்தருகே விழுந்த மாதம்
மணிக்கட்டில் கட்டோடு
எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நின்றேன்,
அறைக்கூட்டாளி கிருஷ்ண பகதூரின்
கல்யாணப் பணம் கையில்.
அதைத்தான் மேனேஜர்
"தவறல" என்று சொல்லியிருக்கிறார்.

என்னுடையது முடிய இன்னும் பதினாலு மாதம்.
உன்னுடையது தொடங்க எப்படியும் ஐந்து வருஷம்.
நடுவில் மூன்றே முக்கால் வருஷம்
ஒருவருக்கும் ஒன்றும் கட்டாத ஆளாக
நான் இருப்பேன் போல.
அந்த ஆள் எப்படி இருப்பான்?
ஐந்தாம் தேதி காலையில்
எதை நினைத்து எழுந்திருப்பான்?
அவனை ஒருமுறை பார்க்க ஆசை.

போன் அதிர்கிறது.
"வேர் ஆர் யூ" என்கிறது
ஜுஃபைரில் ஒரு பசி.

தொழில் என்ற கட்டத்தில்
இன்ஜினியர் என்று எழுத இடம் இருந்தது.
டெலிவரி ரைடர் என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை,
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே தொங்குகிறது.
மேனேஜர் எழுநூற்று எண்பத்தொன்றைப் பார்ப்பார்,
எழுத்தைப் பார்க்கமாட்டார்.
பதினாலு பக்கத்திலும் கையெழுத்து.
மடித்துச் சட்டைக்குள் செருகினால்
நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது.

போய்ச் சேர்ந்தேன். எட்டாவது மாடி.
லிஃப்டின் கதவு பன்னிரண்டில் நின்று
யாருக்காகவோ காத்திருக்கிறது.
பக்கத்திலேயே படி.

எது முந்தியோ.